ஐயன்னாவுக்கு மீன் இல்லை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மணி கிடையாது. கரைவலையை ஏற்றிக்கொண்டு வள்ளம் கடலில் இறங்கினால் பாடம் ஆரம்பம். வள்ளம் பெரிதாக ஒரு வளைவு சுற்றி வலையைப் போட்டுவிட்டு, கயிற்றின் மறுமுனையோடு கரைக்குத் திரும்பினால் பாடம் முடிந்தது. எழுந்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிக்க வேண்டும். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் எந்நேரம்?" என்று யாராவது கேட்டால், "காத்தைப் போயிக் கேளுங்க" என்போம். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் இருக்கிற டீச்சரம்மா நம்பமாட்டேன் என்கிறார். நம்பாவிட்டால் போகட்டும். நான் படித்த படிப்பு எனக்குத் தெரியாதா?

கட்டுமாவடிக்குத் தெற்கே, ஜெகதாப்பட்டினத்துக்கு வடக்கே, பூவரச மரமும் ஓலை வீடுமாக ஒரு சின்ன மீன்பிடி ஊர் எங்களுடையது. இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம் என்கிறார்கள். நான் சொல்கிற யுத்தக் காலத்தில் நாங்கள் தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை என்றால் ராஜா ஆளுகிற அயல் சீமை. பர்மா அரிசி நின்றுபோய் ஊரே கேழ்வரகுக் கூழுக்கு மாறியிருந்தது. வாலிபர்களில் பாதிப் பேர் கொழும்புக்கும் பட்டாளத்துக்கும் போய்விட்டார்கள். அது நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன். சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்.

அதற்கு முன்னால் ரோட்டு ஓரம் ஒரு ஸ்கூல் இருந்தது. பத்து மணிக்கு மணி அடிப்பார்கள். பத்து மணிக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மணலில் கருவாடு பரப்பிக்கொண்டிருப்பார்கள். அரக்கப்பரக்கக் கை கழுவி ஓடினால், நாற்றம் என்று சொல்லி வாசலுக்கு வெளியே உட்கார வைப்பார்கள். நான் கொஞ்ச நாள் அந்த வாசலில் உட்கார்ந்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். என் ஆத்தா மீன் கூடை சுமந்து விற்கிறவள். கூடை கனக்கும், வாய் அதைவிடக் கனக்கும். நேராகப் போய் அந்த வாத்தியாரிடம் கேட்டுவிட்டாள்.

"எங்க மீனு ஒங்க எலையில விழுந்தா மணக்குது. எம் புள்ள வந்து ஒக்காந்தா நாறுதாக்கும்?"

அதோடு அந்த ஸ்கூலுக்கும் எனக்கும் உறவு அறுந்தது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் ஆத்தா, "நம்ம புள்ளைகளுக்கு நம்மளே ஒரு பள்ளிக்கூடம் வச்சிக்கிட்டா என்ன? யார் தடுக்குறது?" என்று ஆரம்பித்தாள். நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்றதும் தலைகள் குனிந்தன. ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு எழுத்துக் கிடைக்காது.

அப்போதுதான் வள்ளத்துக்குப் பாய் தைக்க வந்த தையல்காரர் பெண்சாதி ஞாபகம் வந்தது. அவர்கள் ராஜா சீமையில் ஆவூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்டவர்கள். ஆவூரில் பெரிய மாதா கோயில் உண்டு. கோயில் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் படித்திருந்தாள். சின்ன வயசுதான், கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. நாங்கள் அவளை ஆவூரக்கா என்போம். கடலைக் கண்டாலே அவளுக்குப் பயம். விலாங்கு மீனைப் பார்த்து, "ஆத்தி, பாம்பு!" என்று அலறி ஓடியவள். ஒரு மீன் பேரும் தெரியாமல் மீன் ஊரில் குடித்தனம் செய்வது எவ்வளவு அவமானம்! சந்தையில் அவளை ஏமாற்றாத ஆள் இல்லை.

அவளே ஒரு வழி சொன்னாள். "எனக்குச் சம்பளம் வேண்டாம். நான் ஒரு எழுத்துச் சொல்லித் தர்றேன், நீங்க எனக்கு ஒரு மீனு சொல்லித் தாங்க."

இப்படித்தான் ஈர மணலில் எங்கள் படிப்புத் தொடங்கியது. ஆவன்னா எழுதினால் ஆவுளியா என்கிற கடல்பசு. ஓவன்னாவுக்கு ஓரா மீன். கானாவுக்குக் கணவாய், நானாவுக்கு நண்டு. ஈயன்னாவுக்கு ஒன்றும் கிடைக்காமல், ஈ மொய்க்கிற கருவாடு என்று ஒப்பேற்றினோம். இனா வந்தபோது பெரிய சண்டை. அக்கா இறால் என்றாள். நாங்கள், "இல்லக்கா, அது எறா, எனாவுக்கு வச்சுக்கங்க" என்றோம். எங்கள் ஊரில் யார் இறால் என்று சொன்னார்கள்? இலை எலைதான், இறால் எறாதான். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் எழுதும்போது இறால், திங்கும்போது எறா என்று முடிவாகி, ஒரே மீனுக்கு ரெண்டு எழுத்துக் கொடுத்தோம்.

ஐயன்னாவில் வந்து முட்டிக்கொண்டோம். ஐயில் தொடங்குகிற மீன் எங்கள் கடலில் இல்லை. ஊர்ப் பெரியவர்களையெல்லாம் கேட்டோம். ஆழக் கடலுக்குப் போய் வந்தவரும் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அப்ப ஐயன்னாவுக்கு மீன் இல்லை" என்று அக்கா வருத்தத்தோடு சொன்னாள். அந்த எழுத்துக்கு நாங்கள் கொடுத்த அடையாளமே அதுதான்.

பள்ளிக்கூடம் என்றால் சும்மா நடக்குமா? கூழ் காய்ச்சக் கேழ்வரகு வேண்டும், சிலேட்டு வேண்டும். இங்கேதான் சம்மாட்டி வருகிறார். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். முறைக்கு எனக்கு மாமா. மலைபோல உடம்பு, இடி மாதிரி குரல். என் அப்பா அவர் வள்ளத்தில் துடுப்புப் போடுகிறவர். எங்கள் கரையில் மீன் பிடித்தால் பங்கு பிரிப்பது வழக்கம்: வலைக்குப் பங்கு, வள்ளத்துக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு, சாமிக்கும் பங்கு. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லி ஆத்தா கேட்டாள்.

"கயிறு புடிக்காதவனுக்குப் பங்கு கெடையாது" என்றார் மாமா. "சாமிப் பங்குக்கே பூசாரி வந்து ஒரு கை புடிக்கிறாரு. ஒம் பள்ளிக்கூடம் வந்து கயிறு புடிக்குமா?"

"புடிக்கும்" என்றாள் ஆத்தா.

மாமாவுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். இழுக்க ஆள் இல்லாத காலம் அது. கரைவலைக்கு வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு. ரெண்டு பக்கமும் ஒரே சீராக இழுத்தால்தான் நடுவில் பைபோல இருக்கிற மடியில் மீன் தங்கும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் போய்ச் சேர்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தென்கயிறு பெரியவர்களுக்கு, வடகயிறு பள்ளிக்கூடத்துக்கு என்று ஆனது. ஆணும் பெண்ணுமாக அத்தனை பிள்ளைகளும் வரிசையில் நின்றோம்.

இழுப்பதற்கு ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். அம்பாப் பாட்டுப் பாடுகிறவர் கொழும்புக்குப் போய்விட்டார். எனக்கோ ஆத்தாவின் தொண்டை. எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான், அன்றைக்குப் படித்த பாடம்.

"அனா!" என்று கத்தினேன்.

"ஏலோ!" என்று எல்லாரும் ஒரு சின்ன இழுப்பு இழுத்தார்கள்.

"ஆவன்னா!"

"ஏலேலோ!" என்று ஒரு நீள இழுப்பு.

குறிலுக்குச் சின்ன இழுப்பு, நெடிலுக்கு நீள இழுப்பு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வாய் போன வழியில் கை போனது. இனா, ஈயன்னா, உனா, ஊவன்னா, எனா, ஏயன்னா. எங்களுக்கே பெருமை தாங்கவில்லை. அடுத்து வருவது சின்னதுதான் என்று கைகள் காத்திருக்கும்போது நான், "ஐயன்னா!" என்றேன். பாதிப் பேர் சின்னதாக இழுத்தார்கள், பாதிப் பேர் நீளமாக இழுத்தார்கள். கயிறு துள்ளியது. மொத்தப் பள்ளிக்கூடமும் மணலில் மல்லாக்க விழுந்தது. தென்கயிற்றுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அவர்கள் கயிறும் நழுவியது.

அக்கா வந்து எங்களைத் தூக்கிவிட்டுப் பாடம் சொன்னாள். "ஐ தனி ஆளு. குறில் நெடில்னு அதுக்குச் சோடி கெடையாது."

"மீனும் கெடையாதுக்கா" என்றான் ஒருவன்.

"அப்ப அது சும்மா நிக்கட்டும்" என்றேன் நான்.

அதன்படியே ஆனது. கயிற்றை இழுத்து இழுத்துப் பின்னால் போகிறவர்கள், ஒரு கட்டத்தில் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்து மறுபடி பிடிக்க வேண்டும். அதற்கு ஐயன்னா என்று வைத்தோம். ஐயன்னா என்றால் யாரும் இழுக்கக் கூடாது. நடுவில் நிற்பவர்கள் குதிகாலை ஊன்றிக் கயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும், பின்னால் நிற்பவர்கள் முன்னால் ஓட வேண்டும். கயிறு எவ்வளவு கனக்கிறது, யார் முகம் சிவக்கிறது என்று பார்த்து நான் எழுத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வேன். ஔவன்னாவோடு ஒரு சுற்று முடியும், மறுபடி அனா. உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்துப் படித்தபோதும், இழுக்கும்போது மட்டும் உயிரெழுத்துதான்.

கொஞ்ச நாளில் அந்தச் சொல் ஊருக்குள் இறங்கிவிட்டது. கூடை சுமந்து வருகிற பெண்கள் வழியில், "கழுத்து வலிக்குது, ஒரு ஐயன்னா போடுவமாடி?" என்று சுமை இறக்குவார்கள். புருஷன் பெண்சாதி சண்டையில் மாமியார் குறுக்கே வந்து, "போதும், ஐயன்னா!" என்பாள். எழுத்துத் தெரியாத ஊரில் ஒரு எழுத்து இப்படி வாழ்ந்தது.

பள்ளிக்கூடப் பங்கை ஆத்தா விற்றுக் கொடுத்தாள். அதில் ஒரு புஸ்தகமும் வாங்கினோம். படம் போட்ட பால பாடம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அது ஒன்றுதான். வந்த அன்றைக்கு ஊரே கூடி நின்று பார்த்தது. ஓவன்னாவுக்கு ஓடம் போட்டிருந்தார்கள். மாமா அதை வாங்கித் தூர வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "காத்து இங்கிட்டு அடிக்குது, பாயி அங்கிட்டு உப்பியிருக்கு. இந்த ஓடம் கரைக்கு வராது. எழுதுனவன் கடலையே பாக்காதவன்" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா அந்தப் புஸ்தகத்தைப் பழைய பாய்த்துணியில் சுற்றி வைத்தாள். அனா முதல் னானா வரை மணலில் பிழையில்லாமல் எழுதிக் காட்டுகிற ஆள்தான் அதைப் பிரித்துப் படிக்கலாம் என்று சட்டம். நான்தான் முதலில் எழுதி முடித்தேன். அக்கா என் தாடையைத் தொட்டு முத்தமிட்டு, "நாளைக்கு நீ பிரிக்கிற" என்றாள். எனக்கு அன்றைக்குக் கூழ் இறங்கவில்லை. எழுத்தெல்லாம் தெரிந்தும் ஒரு சொல்லைக்கூட அச்சில் படித்ததில்லை நான்.

மறுநாள் காலையில் நான் பெரியமனுஷி ஆனேன். இந்த உடம்புக்கு ஒரு நாள் பொறுக்கத் தெரியவில்லை, பாருங்கள்.

வீட்டுக்குப் பின்னால் பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்கார வைத்தார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் கடற்கரை கூப்பிடு தூரம்தான். வலை இழுக்கிற சத்தம் அப்படியே காதில் விழும். எனக்குப் பதிலாகக் குரல் கொடுக்க ஆள் தேடினார்கள். எழுத்துத் தெரிந்த பையனுக்குக் குரல் இல்லை, குரல் இருந்த பையனுக்கு எழுத்து நிற்கவில்லை. ஆவூரக்காவின் குரல் கோயில் பாட்டுக்கு ஆகும், கடற்காற்றுக்கு ஆகாது. கடைசியில், "இதென்ன பெரிய வித்தை? தெனம் காதுல விழுகுறதுதானே" என்று மாமாவே நின்றார்.

"அனா!" என்று இடி இடித்தது. குடிசைக்குள் நான் விரலால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனா வந்தது. ஏயன்னா வந்தது. அடுத்து மாமா, "ஒனா!" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஐயன்னா! ஐயன்னாவ விட்டுட்டீங்க மாமா!" என்று ஓலைக்குள்ளிருந்து கத்தினேன். சடங்குக்கு வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

கரையில் என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். தென்கயிற்றுப் பெரியவர்கள் குரலைக் கேட்டு இழுப்பவர்கள். எங்கள் பிள்ளைகளோ எழுத்தைக் கேட்டு இழுப்பவர்கள். ஏயன்னாவுக்குப் பின் ஐயன்னாதான் என்று பின்வரிசை கயிற்றை விட்டுவிட்டு ஓடியது, தென்பக்கம் பலமாக இழுத்தது. வலை கோணி, மடி வாயைத் திறந்துகொண்டது. அன்றைக்கு வந்ததெல்லாம் சொறிமீனும் பாசியும்தான். மாமாவும் கீழே விழுந்தார் என்று ஆத்தா வந்து சொன்னாள். நான் களியைத் துப்பிச் சிரித்தேன்.

சடங்கு முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். அப்பா வாசலில் தடுத்தார். ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"வயசுக்கு வந்த புள்ள வலைக்கயித்தத் தொடப்படாது. தொட்டா தீட்டு. இது நான் வச்ச வழக்கமில்ல" என்றார் மாமா கூட்டத்தில்.

"அப்ப எம் புள்ள கயித்தத் தொடாமப் படிக்கட்டும்ணே" என்றாள் ஆத்தா.

"கயிறு புடிக்காதவங்களுக்குப் பங்கு இல்ல. பங்கு இல்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன வேலை? இத நீயும் சேந்துதானே ஒத்துக்கிட்ட?"

ஆத்தா இடுப்பில் கை வைத்தாள். "ஏண்ணே, இந்தக் கடலுக்கு என்ன பேரு சொல்லுவீக?"

எங்கள் பக்கத்துக் கடல் அலை அடிக்காது, அடக்கமாக இருக்கும். அதனால் அதற்குப் பெண் கடல் என்று பேர். ராமேஸ்வரத்துக்கு அந்தாண்டை இருப்பது ஆண் கடல். மாமா சந்தேகத்தோடு, "பெண் கடலு" என்றார்.

"அந்தப் பொண்ணு மேலதான் தெனம் வள்ளம் ஓட்டுறீக. அவ வயித்துல இருக்குறதத்தான் அள்ளித் திங்குறீக. அதெல்லாம் தீட்டில்ல, எம் மக கை பட்டாத்தான் தீட்டாக்கும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் கேட்ட. ஆனா வழக்கம் வழக்கந்தான்" என்று எழுந்து போய்விட்டார். நான் வீட்டுக்குள் போய்ப் பாயில் குப்புற விழுந்து அழுதேன். எனக்குக் கோபம் மாமா மேல் மட்டுமில்லை. புஸ்தகத்தைப் பிரிக்கிற நாளைப் பார்த்துச் சதி செய்த என் உடம்பு மேலும்தான். அக்கா புஸ்தகத்தைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். ஒளித்துக் கொண்டுவந்து பார்க்க நான் என்ன திருடியா? என் பள்ளிக்கூடத்தில், என் பங்கில் வாங்கியதை அங்கே வைத்துத்தான் பிரிப்பேன் என்றேன்.

என் அப்பா பேசுகிற மனுஷர் இல்லை. மாமாவை எதிர்த்துப் பேச அவரால் முடியாது. அடுத்த நாள் பழைய கயிறு ஒரு துண்டு கொண்டுவந்து கொல்லையில் போட்டார். நான் அதை எடுத்து முருங்கையில் கட்டப் போனேன். "அதுல கட்டாத, ஒடிஞ்சிரும். பூவரசுல கட்டு" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. பூவரச மரத்தில் கட்டி நான் தனியாக அனா, ஆவன்னா என்று இழுத்தேன். ரெண்டொரு நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிப் படலைத் தூக்கிவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள், எல்லாரும் என்னைப் போல வீட்டோடு நிறுத்தப்பட்டவர்கள். மாமாவின் மகளும் வந்தாள். "அப்பாருகிட்டச் சொல்லிராத" என்றாள். மரம் அசையவில்லை, ஆனால் நாங்கள் இழுத்தோம், எழுத்தும் வந்தது.

கரையில் மட்டும் எதுவும் சரியாக வரவில்லை. மாமா ஒரு நாள் ஐயன்னாவை விடுவார். இன்னொரு நாள் ஞாபகமாக, தேவையில்லாத இடத்தில் ரெண்டு தடவை சொல்லுவார். பிள்ளைகள் ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். வலை கோணிக்கொண்டே வந்தது. ஊரில் குழம்பு தண்ணீராக ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் மாமாவே எங்கள் கொல்லைக்கு வந்து நின்றார். நல்ல வேளை, அவர் மகள் அப்போது அங்கே இல்லை. மரத்தில் கட்டிய கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, தொண்டை எப்புடி இருக்கு?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு மாமா. கைதான் தீட்டாப் போச்சு."

ஆத்தா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மாமா கேட்காதவர் போல இருந்தார். "கயித்தத் தொட வேணாம். கையப் பின்னால கட்டிக்கிட்டுக் கரையில நில்லு. குரல மட்டும் குடு."

"குரலுக்குப் பங்கு உண்டாண்ணே?" என்றாள் ஆத்தா.

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"உண்டு தாயி, உண்டு! ஒங்கிட்ட வாயக் குடுக்க என்னால ஆகாது."

நான் ஓடிய ஓட்டத்தில் தாவணி வேலியில் மாட்டிக் கிழிந்தது. கரையில் பிள்ளைகள் என்னைக் கண்டு கூச்சல் போட்டார்கள். மணல்மேட்டில் ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எத்தனை நாளாயிற்று! "அனா!" என்று கத்தினேன். மாமா நிமிர்ந்து பார்த்தார். 

"ஏலோ!" என்றது கரை முழுதும்.

அன்றைக்குக் கனமான வலை. மடி வருகிற இடத்தில் கடல் காக்கைகள் கும்மாளம் போட்டன. காரல் மீன் திரளாக மாட்டியிருக்கிறது என்று பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு கயிறும் பக்கத்தில் நெருங்கி வருகிற நேரத்தில் நீரோட்டம் வடக்கே இழுக்கத் தொடங்கியது. வடகயிறு எங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது. மாமா ஓடிவந்து வடகயிற்றைப் பிடித்தார். அவர் குதிகாலும் மணலில் உழுதுகொண்டு போயிற்று. நான் கையைப் பின்னால் இறுக்கிக்கொண்டு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் தடுமாறினார்கள்.

மாமா திரும்பிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? புடி கயித்த!" என்று கத்தினார்.

யாரைச் சொல்கிறார் என்று நான் திகைத்தேன்.

"ஒன்னத்தான் புள்ள! புடி!"

பாய்ந்து பிடித்தேன். எனக்குப் பின்னால் ஆத்தா கூடையை எறிந்துவிட்டு வந்து பிடித்தாள். அவளுக்குப் பின்னால் கரையில் நின்ற மீன்காரப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள், வேடிக்கை பார்க்க வந்திருந்த மாமாவின் மகளும் வந்தாள். கடலைக் கண்டு நடுங்குகிற ஆவூரக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்தாள். எனா, ஏயன்னா. கயிறு எங்கள் பக்கம் ஒரு முழம் வந்தது. நான் மூச்சைப் பிடித்து, "ஐயன்னா!" என்றேன். நடுவில் நின்ற பெண்கள் குதிகாலை ஊன்றினார்கள், பின்வரிசை முன்னால் ஓடியது, ஒருவரும் விழவில்லை. மாமாவும் ஓடினார்.

மடி கரையேறியபோது மணலெல்லாம் வெள்ளிபோல மினுங்கியது. அப்படி ஒரு மீன்பாடு அந்த வருஷம் வரவில்லை. எல்லாரும் சிரித்துக் கத்தி ஓய்ந்தபிறகுதான் யார் யார் கயிற்றில் இருக்கிறோம் என்று பார்த்தோம்.  தென்கயிற்றில் நின்ற ஒரு பெரியவர், "பொம்பளைகளத் தொடச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

என் கை இன்னும் கயிற்றில்தான் இருந்தது. விடச் சொன்னால் அதோடு எல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியும். மாமா என் கையைப் பார்த்தார். தன் மகள் கையைப் பார்த்தார். கயிற்றில் காய்ப்பேறிய கை அது. மரத்தை இழுத்து வந்த காய்ப்பு. பிறகு அந்தப் பெரியவர் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"ஐயன்னா."

எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. மீனைக் குவித்துப் பங்கு போட்டார்கள். பள்ளிக்கூடப் பங்கு வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது. ஆத்தா அதைக் கூடையில் அள்ளும்போது வாயே திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

மறுநாள் வள்ளம் வலையோடு இறங்கியதும் பாடம் ஆரம்பித்தது. மாமாவின் மகள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அக்கா பாய்த்துணியைப் பிரித்துப் புஸ்தகத்தை என் மடியில் வைத்தாள். மாமா கொஞ்சம் தள்ளிப் பூவரச மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் வலையைத் தன் கையால் பொத்தி நான் பார்த்ததே இல்லை.

எழுத்தின் மேல் விரலை வைத்தேன்.  "அனா. அ-ணி-ல். அணில்" என்று படித்தேன். அச்சில் இருந்த சொல் என் வாயில் வந்துவிட்டது! பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆடு படித்தேன், இலை படித்தேன். இலையை எலை என்று படித்து அக்காவிடம் ஒரு குட்டு வாங்கினேன். ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி. பக்கத்தைத் திருப்பினேன். ஐயன்னா, ஐந்து. ஐந்து விரல் விரித்த ஒரு கை வரைந்திருந்தது. படித்துவிட்டு நிறுத்திவிட்டேன். பழக்கம் அப்படி. பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து முன்னால் ஓடிவரவே வந்துவிட்டான்.

மரத்தடியில் வலை பொத்துகிற கையும் நின்றிருந்தது. திரும்பாமலே மாமா சொன்னார்:

"ஐயன்னா போட்டாச்சுல்ல புள்ள? அடுத்தது ஒனா. படி."